டோக்கன் கொடுத்தால் பொறுப்பும் உண்டு: அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் ஒரு வண்டிப் பயணம்

மதுரையிலிருந்து தூத்துக்குடி நான்குவழிச் சாலையில் தெற்கே இறங்குங்கள். காரியாபட்டியைத் தாண்டியதும் நிலத்தின் முகம் மாறிவிடும். பச்சை குறையும். மழை பெய்திருந்தால் மை போலக் கறுத்தும், பெய்யாவிட்டால் வெடித்துச் சாம்பல் பூத்தும் கிடக்கும் கரிசல். அதன் மேல் கண்ணுக்கெட்டிய தூரம் சீமைக்கருவேலம். அங்கங்கே கரிமூட்டம் புகைந்துகொண்டிருக்கும். மதுரையிலிருந்து 50 கிலோமீட்டர் போல ஓடினால் அருப்புக்கோட்டை. அங்கிருந்து கிழக்கே பிரிந்து 15 கிலோமீட்டர் போனால் திருச்சுழி.

அருப்புக்கோட்டைக்கு அறிமுகம் தேவையில்லை. நெசவு, நூற்பாலை, மல்லிகைப்பூ மூன்றும் சேர்ந்த ஊர். 1977-ல் எம்.ஜி.ஆர். இந்தத் தொகுதியில் ஜெயித்துத்தான் முதல் முறையாக முதலமைச்சர் ஆனார். விருதுநகர் - மானாமதுரை ரயில் பாதையில் ஒரு ஸ்டேஷனும் உண்டு. ஆனாலும் இந்த ஊரையும் சுற்றியிருக்கும் கிராமங்களையும் கட்டி இழுப்பது பஸ்ஸோ ரயிலோ அல்ல, டூவீலர்தான்.

ஏன் என்பதை ஒரு நாள் இங்கே சுற்றினால் புரிந்துகொள்ளலாம். மானாவாரி நிலத்தை மட்டும் நம்பி வருஷம் முழுக்க அடுப்பு எரியாது. மழைக்காலத்தில் பருத்தி, கம்பு, சோளம், மல்லி என்று ஏதாவது போடுவார்கள். மற்ற நாளெல்லாம் மில் ஷிப்ட், கட்டட வேலை, பட்டாசு வேலை, மதுரைக்குப் போய் வரும் வேலை. இரவு ஷிப்ட் முடிகிற நேரத்தில் கிராமத்துக்குப் பஸ் இருக்காது. விடிவதற்கு முன்பே பூவைப் பறித்து மார்க்கெட்டில் சேர்க்க வேண்டும். இத்தனைக்கும் ஒரே வண்டி. வீட்டில் மூன்று பேர் மாறி மாறி ஓட்டுவார்கள்.

அதனால் இங்கே பழைய வண்டிகளுக்கு ஒரு தனி மரியாதை. டி.வி.எஸ். 50-ஐ இன்னும் காயலான் கடைக்குப் போடாமல் வைத்திருக்கும் வீடுகள் இந்தப் பக்கம் உண்டு. 1980-ல் ஓசூர் தொழிற்சாலையிலிருந்து வந்த, இரண்டு பேர் உட்காரக்கூடிய அந்த மொபெட், கரிசல்காட்டுக்கு என்றே செய்தது போல அமைந்துவிட்டது. பருத்தி மூட்டை, தண்ணீர்க் குடம், புல்லுக்கட்டு, பள்ளிக்கூடப் பிள்ளை என்று அது சுமக்காதது கிடையாது. ஓட்டிய அப்பா போய்ச் சேர்ந்த பிறகும் வண்டி நிற்கும். சீட் நுனியில் அவர் உட்கார்ந்து தேய்ந்த தடம் இருக்கும். அப்படிப்பட்ட வண்டியில் ஒரு கீறல் விழுந்தால் அது வெறும் பெயின்ட் சமாசாரம் இல்லை.

வண்டி ஸ்டாண்டு என்னும் இடம்

சின்ன ஊர்களில் பார்க்கிங் என்றால் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருக்கும் சைக்கிள் ஸ்டாண்டுதான். சைக்கிள் குறைந்து டூவீலர் நிறைந்த பிறகும் பெயர் மாறவில்லை. தகரக் கொட்டகை, நடுவே ஒரு குறுகலான நடை, வாசலில் மேஜை, மேஜை மேல் டோக்கன் கட்டு. டோக்கனில் பாதியைக் கிழித்து ஹேண்டில்பாரில் செருகுவார்கள், மீதி நம் கையில். சில இடங்களில் சைடு லாக் போடக் கூடாது என்பார்கள், சில இடங்களில் சாவியையே வாங்கி வைத்துக்கொள்வார்கள். காரணம் எளிது. காலையில் வந்த வண்டியை உள்ளே தள்ளினால்தான் அடுத்து வரும் வண்டிக்கு இடம் கிடைக்கும்.

சேதம் நடப்பதும் அந்த நகர்த்தலில்தான். ஒரு வண்டியின் ஹேண்டில் அடுத்த வண்டியின் டேங்கை ஒட்டி நிற்கும். நடுவில் இருக்கும் ஒன்றை அவசரமாக உருவினால் வரிசையே சீட்டுக்கட்டு போலச் சாயும். கடைசி வண்டிக்குத்தான் முழு அடியும். கண்ணாடி உடையும், இண்டிகேட்டர் தொங்கும், பிரேக் லீவர் வளையும், டேங்கில் ஒடுக்கு விழும். நிமிர்த்தி வைத்துவிட்டால் பார்ப்பதற்கு ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும்.

இந்தப் பயணத்தில் அப்படியொரு பஞ்சாயத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். திருச்சுழிப் பக்கத்து கிராமத்து இளைஞர். மதுரையில் இரண்டு நாள் வேலை முடித்துத் திரும்பியிருந்தார். அப்பாவின் பழைய மொபெட். டேங்கில் உள்ளங்கை அகலத்துக்கு ஒடுக்கு, முன்விளக்கு நொறுங்கியிருந்தது.

“அண்ணாச்சி, விடும்போது இப்படி இல்ல. இது எங்கப்பா வண்டி” என்றார். குரல் உயரவில்லை.

ஸ்டாண்டுக்காரர் கையைச் சுவர்ப் பக்கம் காட்டினார். “போர்டைப் பாத்தீங்களா தம்பி? வண்டிக்குச் சேதம் ஆனா நிர்வாகம் பொறுப்பில்லைனு போட்டிருக்கு.”

இளைஞர் சண்டைக்குப் போகவில்லை. வண்டியை நகர்த்தாமல், நின்ற இடத்திலேயே நாலு பக்கமும் போட்டோ எடுத்தார். நொறுங்கிய கண்ணாடித் துண்டுகள் தரையில் கிடந்ததையும் பக்கத்து வண்டியின் ஹேண்டிலில் ஒட்டியிருந்த பெயின்ட்டையும் எடுத்தார். பிறகு தன் கையிலிருந்த டோக்கனை மேஜை மேல் வைத்தார். “ரெண்டு நாளைக்குக் காசு வாங்கியிருக்கீங்க அண்ணாச்சி. வெயிலுக்கு நிழல் மட்டுமா குடுத்தீங்க? பாத்துக்கிறேன்னுதான குடுத்தீங்க?”

அதற்குப் பிறகு நடந்தது பத்து நிமிடப் பேச்சு. மொபெட் எடுக்க வந்த ஒரு பெரியவர் நடுவில் புகுந்தார். கடைசியில் முன்விளக்குக்கு ஆகும் செலவு ஸ்டாண்டுக்காரருடையது, ஒடுக்கு எடுக்க அவருக்குத் தெரிந்த டிங்கர் பட்டறையில் பாதிக் கூலி என்று முடிந்தது. இரண்டு பேருக்கும் முழு திருப்தி இல்லை. ஆனால் இரண்டு பேரும் நாளைக்கும் அதே வாசலில் முகம் பார்க்க வேண்டியவர்கள்.

அந்த இளைஞர் கேட்ட கேள்வி சாதாரணமானது இல்லை. அதே கேள்வி டெல்லியில் எழுந்து, உச்ச நீதிமன்றம் வரை போய் வந்திருக்கிறது.

போர்டு போட்டால் போதுமா?

1998 ஆகஸ்ட் 1-ம் தேதி இரவு. டெல்லி தாஜ் மகால் ஹோட்டலுக்கு மாருதி ஜென் காரில் ஒருவர் வந்தார். சாவியை ஹோட்டல் ஊழியரிடம் கொடுத்து டோக்கன் வாங்கிக்கொண்டு உள்ளே போனார். திரும்பி வந்தபோது கார் இல்லை. வேறு யாரோ ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். இன்சூரன்ஸ் நிறுவனம் அவருக்கு 2,80,000 ரூபாய் கொடுத்தது. பிறகு கார் உரிமையாளரும் இன்சூரன்ஸ் நிறுவனமும் சேர்ந்து ஹோட்டல் மீது நுகர்வோர் வழக்குப் போட்டார்கள். ‘டோக்கனிலேயே உரிமையாளர் பொறுப்பு என்று அச்சடித்திருக்கிறோமே’ என்பது ஹோட்டலின் வாதங்களில் ஒன்று.

2019 நவம்பர் 14 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சாவியை வாங்கி, வண்டியைத் தன் காவலில் எடுத்துக்கொண்ட பிறகு, அதை அதே நிலையில் திருப்பிக் கொடுக்க வேண்டியது எடுத்துக்கொண்டவரின் கடமை. கொடுக்க முடியாமல் போனால், தன் பக்கம் கவனக்குறைவு இல்லை என்று அவர்தான் நிரூபிக்க வேண்டும். ‘உரிமையாளர் பொறுப்பு’ என்று அச்சடித்த ஒரு வரியைக் காட்டி, தன் கவனக்குறைவிலிருந்து அவர் தப்பிக்க முடியாது. ஹோட்டல் தோற்றது.

இந்தத் தீர்ப்புக்கு அடித்தளம் 1872-ம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம். பொருளை ஒருவரிடம் ஒப்படைப்பதைப் பற்றி 148-வது பிரிவிலிருந்து பேசுகிறது. 151-வது பிரிவு சொல்வது நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்வதுதான்: சாதாரண அறிவுள்ள ஒரு மனிதர் தன் சொந்தப் பொருளை எப்படிப் பார்த்துக்கொள்வாரோ, அப்படி அடுத்தவர் பொருளையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த அளவு கவனம் காட்டியும் சேதம் நடந்தால், 152-வது பிரிவின்படி அவர் மேல் குற்றம் இல்லை.

இதில் ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். டெல்லி வழக்கில் சாவி கைமாறியது. கோயில் வாசலிலோ கடைத்தெருவிலோ காலி இடத்தில் நீங்களே நிறுத்தி, சாவியை எடுத்துக்கொண்டு போனால் அது ஒப்படைப்பு ஆகாது. கட்டணம் வாங்கி, டோக்கன் கொடுத்து, வண்டியை அவர்களே நகர்த்தி வைக்கிற இடம் என்றால் உங்கள் பக்கம் வலு கூடும். சாவியையும் வாங்கிக்கொண்டால் இன்னும் கூடும்.

அந்த அரை மணி நேரம்

வண்டியில் சேதத்தைப் பார்த்ததும் முதலில் வருவது கோபம். ஆனால் அடுத்த அரை மணி நேரத்தில் என்ன செய்கிறோம் என்பதுதான் பணம் கிடைக்குமா இல்லையா என்பதை முடிவு செய்யும்.

வண்டியை நகர்த்துவதற்கு முன் போட்டோ எடுங்கள். தூரத்திலிருந்து ஒன்று, நம்பர் பிளேட் தெரிய ஒன்று, சேதத்துக்கு மிக அருகில் இரண்டு, பக்கத்தில் நிற்கும் வண்டிகள், சுவரில் இருக்கும் போர்டு, டோக்கன். ஸ்டாண்டை விட்டு வெளியே வந்த பிறகு காட்டினால், ‘ரோட்டில் விழுந்திருக்கும்’ என்ற ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள்.

டோக்கனைத் திருப்பிக் கொடுக்கும் முன் அதையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கேமரா இருந்தால் அன்றைக்கே அந்தப் பதிவைக் கேளுங்கள். பழைய பதிவுகள் சில நாட்களில் தானாக அழிந்துவிடும். பேசி ஒத்துக்கொண்டால், ஒத்துக்கொண்டதை ஒரு தாளில் எழுதித் தேதி போட்டுக் கையெழுத்து வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் ‘நாம் பேசியபடி’ என்று ஒரு செய்தி அனுப்பி, அவரிடமிருந்து ‘சரி’ வந்தாலும் உதவும்.

விழுந்த வண்டியை உடனே ஸ்டார்ட் செய்யாதீர்கள். பெட்ரோல் கசிகிறதா, ஹேண்டில் நேராக இருக்கிறதா, பிரேக் பிடிக்கிறதா, சக்கரம் உரசாமல் சுற்றுகிறதா என்று பாருங்கள். வளைந்த பிரேக் லீவரோடு நான்குவழிச் சாலையில் ஏறுவது டேங்க் ஒடுக்கைவிடப் பெரிய ஆபத்து.

சேதம் பெரிது, எதிராளி ஒத்துக்கொள்ளவில்லை என்றால் போலீஸ் ஸ்டேஷனில் மனு கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள்.

அடுத்து இன்சூரன்ஸ். தேர்டு பார்ட்டி பாலிசி மட்டும் இருந்தால் உங்கள் வண்டியின் சேதத்துக்கு ஒரு பைசா வராது. முழு பாலிசி இருந்தாலும் கணக்குப் போட்டுவிட்டுக் கேளுங்கள். 1500 சி.சி. வரை உள்ள கார் என்றால் ஒவ்வொரு கிளெய்முக்கும் 1,000 ரூபாய் உங்கள் கையிலிருந்து போகும். மாற்றும் பொருள் பிளாஸ்டிக், ரப்பர் என்றால், தேய்மானத்துக்குத் தனி பாலிசி இல்லாத பட்சத்தில், பாதி விலைதான் தருவார்கள். கிளெய்ம் செய்யாத வருஷங்களுக்குக் கிடைக்கும் தள்ளுபடியும் போய்விடும். அது முதல் வருஷம் 20 சதவிகிதத்தில் தொடங்கி 50 சதவிகிதம் வரை ஏறக்கூடியது. உதாரணத்துக்கு, சொந்த சேதத்துக்கான பிரீமியத்தில் உங்களுக்கு 3,000 ரூபாய் தள்ளுபடி கிடைத்துக்கொண்டிருக்கிறது, ரிப்பேர் செலவு 3,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 1,000 ரூபாய் கழித்து 2,500 வாங்குவதற்காக 3,000-ஐ இழப்பீர்கள். சின்ன ஒடுக்குக்கு கிளெய்ம் போடாமல் இருப்பதே லாபம்.

எதற்கும் மசியாதவர்களுக்கு நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. விருதுநகர் மாவட்டத்துக்கான ஆணையம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இயங்குகிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். சென்னையில் வண்டி அடிபட்டதற்காகச் சென்னைக்கு அலைய வேண்டாம். சம்பவம் நடந்து 2 வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும். சின்னத் தொகைகளுக்கு நீதிமன்றக் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அதற்கு முன்னால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு போன் செய்து வழி கேட்கலாம்.

பட்டறையில்

பணம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் வண்டியைச் சரிசெய்தாக வேண்டும். கீறல் எவ்வளவு ஆழம் என்று தெரிந்துகொள்ள விரல் நகத்தால் மெல்ல வருடுங்கள். நகம் மாட்டாவிட்டால் பாலிஷிலேயே போய்விடும். மாட்டினால் பெயின்ட் வேலை. தகரம் தெரிந்தால் தாமதிக்காமல் பிரைமராவது அடித்துவிடுங்கள். வறண்ட ஊரில் துரு மெதுவாகத்தான் பிடிக்கும், ஆனால் ஐப்பசி மழை ஒன்று போதும்.

பெயின்ட் உடையாத ஒடுக்கை வெளியிலிருந்து உறிஞ்சி இழுத்தே எடுத்துவிடலாம். பெட்ரோல் டேங்க் மட்டும் விதிவிலக்கு. பெட்ரோலை வடித்துவிட்டால் போதும் என்று நினைத்து வெல்டிங் வைக்க விடாதீர்கள். உள்ளே நிற்கும் ஆவி தீப்பிடித்து வெடிக்கும். அனுபவமுள்ள டிங்கர் டேங்கைக் கழற்றி, நன்றாகக் கழுவி, ஆவி போன பிறகுதான் நெருப்பைப் பக்கத்தில் கொண்டுவருவார்.

பழைய வண்டிக்கு இன்னொரு சிக்கல், நிறம். இருபது, முப்பது வருஷம் கரிசல்காட்டு வெயிலில் வெளுத்த சிவப்பை எந்த கலர் நம்பரும் காட்டாது. ஒரு பக்கம் மட்டும் புதிதாக அடித்தால் துணியில் ஒட்டுப் போட்ட மாதிரி தெரியும். அதனால் சிலர் முன்விளக்கையும் லீவரையும் மாற்றிவிட்டு, டேங்க் ஒடுக்கை அப்படியே விட்டுவிடுகிறார்கள். இன்னும் சிலர் அப்பா ஒட்டிய ஸ்டிக்கரைப் பத்திரமாக உரித்து, பெயின்ட் அடித்த பிறகு திரும்ப ஒட்டச் சொல்கிறார்கள். எது சரி என்று பட்டறைக்காரர் சொல்ல முடியாது. வீட்டில் அம்மாவைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

திருச்சுழிக்குப் போகும்போது

அருப்புக்கோட்டையில் வேலை முடிந்தால் கிழக்கே திருச்சுழிக்கு வண்டியைத் திருப்புங்கள். சாலையை விட்டு இறங்கும்போது மட்டும் கவனம். சீமைக்கருவேல முள் டியூபை எட்டிவிட்டால் பஞ்சர்தான்.

பாண்டிய நாட்டின் 14 பாடல் பெற்ற தலங்களில் ஒன்று திருச்சுழி. சுந்தரர் பாடிய ஊர். சுவாமி திருமேனிநாதர், அம்பாள் துணைமாலை நாயகி. பிரளய வெள்ளம் வந்தபோது சிவபெருமான் சூலத்தால் பூமியில் துளையிட்டு, வெள்ளத்தைச் சுழித்து உள்ளே இறங்க வைத்தார், அதனால் சுழி என்று பெயர் வந்தது என்கிறது தலபுராணம். வெள்ளத்தின் கதை சொல்லும் ஊரின் ஓரத்தில் குண்டாறு வருஷத்தின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கிறது.

கோயிலுக்குப் பக்கத்திலேயே கார்த்திகைத் தெருவில் சுந்தர மந்திரம். 1879 டிசம்பர் 30 அன்று ரமண மகரிஷி பிறந்த வீடு. அவருடைய அப்பா சுந்தரம் ஐயர், சின்ன கணக்கு எழுதும் வேலையில் தொடங்கி, மனு எழுதிக் கொடுப்பவராகி, பிறகு முறையான சான்றிதழ் இல்லாமலே இந்த ஊரில் வழக்குகளை நடத்திய வக்கீல். நம் மொபெட் இளைஞர் அன்றைக்கு வாழ்ந்திருந்தால், மனு எழுத அந்தத் திண்ணைக்குத்தான் வந்திருப்பார்.

திருச்சுழியில் காரை எங்கே நிறுத்துவது என்பதற்கும் சில யோசனைகள். வேம்பின் நிழல் நல்லதுதான். ஆனால் தாழ்ந்த கிளையும் பக்கத்தில் வெள்ளாடும் இருந்தால் அங்கே நிறுத்தாதீர்கள். எட்டாத இலைக்காக ஆடு பானெட்டில் ஏறி, அங்கிருந்து கூரைக்கும் போய்விடும். குளம்புத் தடம் பதிந்தால் எந்த போர்டையும் எந்தச் சட்டத்தையும் காட்டி ஆட்டிடம் வாதாட முடியாது. பறவை எச்சம் விழுந்தால் வெயிலில் காயும் முன் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், காய்ந்தால் பெயின்ட்டை அரிக்கும். கரிசல் புழுதியை உலர்ந்த துணியால் துடைக்காதீர்கள். துணிக்கும் பெயின்ட்டுக்கும் நடுவில் மண் துகள் உப்புத்தாள் போல வேலை செய்யும். முதலில் தண்ணீர், பிறகு துணி.

திருவாதிரை போன்ற விசேஷ நாட்களில் கோயில் தெருக்களில் கூட்டம் இருக்கும். வண்டியைக் கொஞ்சம் தள்ளி நிறுத்திவிட்டு நடந்து போவது நல்லது. கோயில் நடை மதியம் சாத்திவிடுவார்கள், காலையிலோ சாயங்காலமோ போங்கள்.

டோக்கன் கொடுக்கும் ஸ்டாண்டில் விடுவதாக இருந்தால், விடும்போதே வண்டியைச் சுற்றி ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டாண்டுக்காரர் கண்ணெதிரில் எடுங்கள். அதைப் பார்த்தவர் உங்கள் வண்டியைச் சுவரோரமாக, யாரும் இடிக்காத இடத்தில் நிறுத்தவே பார்ப்பார்.